படைப்புழுவும் கைப்பேசியும்

2018-ஆம் ஆண்டு மே மாதத்தில், கர்நாடகத்தின் சிவமொக்கா வட்டாரத்து மக்காச்சோள வயல்களில், அதற்கு முன் இந்நாட்டில் எவரும் கண்டிராத ஒரு புழுவை வேளாண்மைக் கல்லூரி ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்தார்கள். அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பிரதேசங்களே அதன் தாயகம். 2016-இல் மேற்கு ஆப்பிரிக்காவில் தலைகாட்டிய அப்புழு, இரண்டே ஆண்டுகளில் அக்கண்டத்தின் நாற்பதுக்கு மேற்பட்ட நாடுகளில் பரவிக் கடலையும் தாண்டி வந்துவிட்டது. அவ்வாண்டு வடகிழக்குப் பருவமழை ஓய்வதற்குள் பெரம்பலூர், அரியலூர், சேலம், விருதுநகர், தூத்துக்குடி முதலிய மாவட்டங்களில் மக்காச்சோளக் குருத்துகள் சல்லடையாயின. அதே பருவத்தில் இலங்கையின் சோளக் கொல்லைகளும் அதற்குத் தப்பவில்லை. ஸ்போடாப்டெரா புரூஜிபெர்டா என்பது அதன் விஞ்ஞானப் பெயர். நம் விவசாயிகள் அதைப் படைப்புழு என்றே அழைக்கிறார்கள். பெயர் பொருத்தமானதே.

இப்படிப்பட்ட அந்நியப் பூச்சிகளை எதிர்க்கக் கைப்பேசியும் செயலியும் துணை செய்யும் என்ற பேச்சு கடந்த சில ஆண்டுகளாக எங்கும் கேட்கிறது. அரசாங்கம் சொல்கிறது, பல்கலைக்கழகம் சொல்கிறது, மருந்துக் கம்பெனிகளும் சொல்கின்றன. அது எந்த அளவுக்கு உண்மை, நம்மைப் போன்ற சிறு விவசாயிகளின் சங்கங்கள் அதனால் பெறக்கூடியது என்ன என்பதை அங்கத்தினர் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதில் தறிக்காரருக்கு என்ன வேலை என்று நெசவாளர் சங்கத்து அங்கத்தினர்கள் கேட்கக்கூடும். ஆலைகளில் பாவு நூலுக்குப் போடும் கஞ்சியில் மக்காச்சோள மாவும் மரவள்ளி மாவும் சேருகின்றன. பருத்திக்குக் காய்ப்புழு உண்டு. பட்டுக்கு ஆதாரமான மல்பெரியின் கதையைக் கொங்கு நாட்டார் மறந்திருக்கமாட்டார்கள். 2008-இல் கோயம்புத்தூரில் முதன்முதலாகக் காணப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளியோடு நில்லாமல் மரவள்ளியிலும் மல்பெரியிலும் ஏறிற்று. வெள்ளை வெள்ளையாய் அப்பிக்கொண்ட அந்தப் பூச்சிக்கு எதிராக விவசாயிகள் மாற்றி மாற்றி மருந்தடித்தார்கள். மல்பெரித் தோட்டத்தில் மருந்தடித்தால் இலையைத் தின்னும் பட்டுப்புழுவும் சாகும் என்பதால் அவர்களுடைய சங்கடம் இரட்டிப்பாயிற்று. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசிரோபேகஸ் பப்பாயே என்னும் நுண்ணிய குளவியை வரவழைத்து, பெருக்கி, தோட்டங்களில் விட்ட பிறகுதான் அந்தப் பூச்சி அடங்கிற்று. ஆகவே வயலில் புழு விழுந்தால் தறியிலும் அதன் நிழல் விழாமல் போவதில்லை.

புழுவின் நாள்கணக்கு

கருவியைப் பற்றிப் பேசுமுன் பகைவனைப் பற்றிச் சிறிது விரிவாகப் பேசுவது அவசியம். ஏனெனில், இந்தப் புழுவை வெல்வதும் அதனிடம் தோற்பதும் பெரும்பாலும் நாள்கணக்கைப் பொறுத்தே இருக்கின்றன.

தாய் அந்துப்பூச்சி இரவில் பறப்பது. காற்று சாதகமாக இருந்தால் ஒரே இரவில் நூறு கிலோமீட்டர் தூரம்கூடக் கடக்கும் ஆற்றல் அதற்கு உண்டு. முட்டைகளைக் குவியல் குவியலாக இலையில் இட்டு, தன் உடலின் செதில்களைக் கொண்டே அவற்றை மூடிவைக்கும். ஒரு குவியலில் நூறு முதல் இருநூறு முட்டைகள் வரை இருக்கும்; ஒரு தாய் தன் ஆயுளில் ஆயிரத்துக்கு மேல் இடும். இரண்டு மூன்று நாட்களில் அவை பொரிகின்றன. பொரித்த குஞ்சுப்புழுக்கள் இலையின் பச்சையத்தை மட்டும் சுரண்டித் தின்பதால், இலையில் மெல்லிய காகிதம் போன்ற வெளிறிய பொட்டுகள் தோன்றும். பிறகு அவை மெல்லிய இழை விட்டுத் தொங்கி, காற்றில் ஆடி அடுத்த செடிக்கும் அடுத்த வயலுக்கும் போய்ச் சேருகின்றன. வரப்பு அவற்றுக்குத் தடையன்று.

புழுப்பருவம் வெப்பமான நாட்களில் ஏறத்தாழ இரண்டு வாரம். அதற்குள் அது ஐந்து முறை தோலுரித்து ஆறு பருவங்களைக் கடக்கும். தன் வாழ்நாளில் அது தின்னும் தீனியில் ஏறத்தாழ முக்கால் பங்கைக் கடைசிப் பருவத்தில்தான் தின்கிறது. அப்பொழுது அது குருத்துக்குள் ஆழமாகப் புகுந்து, மரத்தூள் போன்ற தன் எச்சத்தாலேயே வாயிலை அடைத்துக்கொண்டு உள்ளே இருக்கும். மேலே எவ்வளவு மருந்தைக் கொட்டினாலும் உள்ளே எட்டுவது சொற்பமே. பின்னர் மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகி, மீண்டும் அந்துப்பூச்சியாக வெளிவரும். முட்டையிலிருந்து அடுத்த முட்டை வரை சுமார் முப்பது நாட்கள்.

வழக்கமாக விவசாயியின் கண்ணில் படுவது எது? கிழிந்த இலையும் குருத்தில் குவிந்த தூளுமே. அவற்றைக் கண்டவுடன் அவர் பதறிக் கடைக்கு ஓடுகிறார். ஆனால், அந்தக் காட்சி தென்படும்போது புழு பெரிதாகிவிட்டது. மருந்து பலிக்கும் நாட்கள் போய்விட்டன. மருந்து பலிப்பதோ காகிதப்பொட்டு மட்டும் தெரியும் முதல் வாரத்தில். அந்தப் பொட்டை அதிகாலையில் குனிந்து தேடுபவர் நம்மில் மிகச் சிலர். கைப்பேசிக் கருவிகளைப் பற்றிய கேள்வி முழுவதும் இந்த ஒரு வார இடைவெளியைப் பற்றியதே. அந்த வாரத்தை மீட்டுத் தருகிற கருவி நமக்கு வேண்டும். தராத கருவி எவ்வளவு அழகாக இருந்தாலும் நமக்குப் பயனில்லை.

கருவிகள் எவை

இன்று வழக்கத்திலுள்ள முறைகள் பெரும்பாலும் மூன்று வகைக்குள் அடங்கும். முதல் வகை, கேட்டுத் தெரிந்துகொள்வது. 2004-இல் தொடங்கிய கிசான் அழைப்பு மையத்தின் 1800-180-1551 என்ற கட்டணமில்லா எண்ணில் தமிழிலேயே பேசலாம். பொத்தான் வைத்த சாதாரணப் போன் போதும். 2018 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு வெளியிட்ட உழவன் செயலியும் தகவல் தருவதுதான். எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் தமிழ்நாட்டுக் கிராமங்களில் நடத்திய பயிர் மருத்துவ முகாம்களையும் இவ்வகையில் சேர்க்கலாம். விவசாயி நோயுற்ற இலையையோ காயையோ மேசைக்குக் கொண்டுவருவார். பயிற்சி பெற்ற ஒருவர் பார்த்துச் சீட்டு எழுதித் தருவார். நாளடைவில் அந்தச் சீட்டின் இடத்தைக் கையடக்கக் கணினி பிடித்தது. நேருக்கு நேர் அமர்ந்து பார்க்கும் இம்முறைக்கு ஈடாக வேறொன்று இன்னும் வரவில்லை என்பது நம் அபிப்பிராயம்.

இரண்டாம் வகை, படத்தைப் பார்த்துக் கருவியே சொல்வது. அமெரிக்காவிலுள்ள பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பிளான்ட்வில்லேஜ் குழுவினர், ஆப்பிரிக்க விவசாயிகளுக்காக நூரு என்னும் செயலியை உருவாக்கினார்கள். சுவாஹிலி மொழியில் நூரு என்றால் ஒளி. முதலில் மரவள்ளியின் நோய்களையும் பிறகு படைப்புழுச் சேதத்தையும் அறிந்துகொள்ள அதற்குக் கற்பிக்கப்பட்டது. இலைக்கு நேரே கைப்பேசியைப் பிடித்தால், சேதமுள்ள இடத்தைக் கட்டம் போட்டுக் காட்டும். இணையத் தொடர்பு இல்லாத வயலிலும் வேலை செய்யும் என்பதே அதன் விசேஷம். நம் நாட்டில் 2024 ஆகஸ்டு 15-ஆம் நாள் மத்திய அரசு தொடங்கிய தேசியப் பூச்சிக் கண்காணிப்பு முறையும் செயற்கை நுண்ணறிவைக் கொண்டதே. 61 பயிர்களில் 400-க்கு மேற்பட்ட பூச்சிகளை அறியும் ஏற்பாடு அதில் உண்டு என்று அரசாங்கம் அறிவித்திருக்கிறது.

மூன்றாம் வகை, எண்ணிச் சேர்ப்பது. ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் 2018-இல் படைப்புழுவுக்கென்றே வெளியிட்ட பேமூஸ் என்னும் செயலி இவ்வகையைச் சேர்ந்தது. அதன் முறை எளிது. வயலுக்குள் ஆங்கில எழுத்தான ‘டபிள்யூ’ வடிவில் வளைந்து வளைந்து நடந்து, ஐந்து இடங்களில் நிற்க வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் அடுத்தடுத்த பத்துச் செடிகளைப் பார்த்து, சேதமுள்ளவை எத்தனை என்று குறிக்க வேண்டும். இனக்கவர்ச்சிப் பொறியில் விழுந்த அந்துப்பூச்சிகளின் எண்ணிக்கையையும் பதியலாம். தொடர்பு கிடைக்குமிடத்துக்கு வந்தவுடன் அந்தக் கணக்கு தானே மையத்துக்குப் போய்விடும்.

இம்மூன்றில் பத்திரிகைகள் அதிகம் புகழ்வது இரண்டாம் வகையை. நாம் அதிகம் மதிப்பது மூன்றாம் வகையை. காரணத்தைச் சொல்ல வேண்டும்.

படம் பார்த்துச் சொல்லும் கருவிக்கு அறிவு வருவது பழக்கத்தால். ஆயிரக்கணக்கான இலைப் படங்களைக் காட்டி, இது இன்ன நோய், இது இன்ன பூச்சி என்று பெயரிட்டுப் பழக்குகிறார்கள். தான் பார்த்துப் பழகியதைப் போன்ற படம் வந்தால் அது சரியாகச் சொல்லும். வேறு மாதிரி வந்தால் தடுமாறும். 2016-இல் மொகந்தி, ஹியூஸ், சலாத்தே என்ற மூன்று ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட ஆய்வு இதை நன்கு விளக்குகிறது. 14 பயிர்களின் 54,306 இலைப் படங்களைக் கொண்டு அவர்கள் ஒரு கணினி முறையைப் பழக்கினார்கள். அதே தொகுப்பிலிருந்து எடுத்து வைத்திருந்த படங்களைக் காட்டியபோது அது நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் சரியாகச் சொல்லிற்று. வேறு சூழ்நிலைகளில் எடுக்கப்பட்ட படங்களைக் காட்டியபோதோ சரியான விடை நூற்றுக்கு முப்பத்தொன்றாக விழுந்தது. ஆராய்ச்சியாளர்கள் இதை மறைக்காமல் எழுதியது அவர்களுக்குப் பெருமை. அதன் பிறகு வயலிலேயே எடுத்த படங்களைக் கொண்டு கருவிகளைப் பழக்கும் வழக்கம் வளர்ந்திருக்கிறது, கருவிகளும் திருந்தியிருக்கின்றன. எனினும் சாயங்கால வெளிச்சம், புழுதி படிந்த இலை, ஆடும் கை ஆகிய மூன்றும் நம் வயலில் எப்பொழுதும் உள்ளவை. தண்டுத் துளைப்பானும் புரோடீனியாப் புழுவும் படைப்புழுவுக்குத் தூரத்து ஜாடை உடையவை. ஆகையால், கருவி சொன்னதைப் புழுவைக் கையிலெடுத்துச் சரிபார்ப்பது நல்லது. தலையில் தலைகீழான ‘ஒய்’ எழுத்துப் போன்ற வெளிர்க்கோடும், வால்புறத்தில் சதுரமாக அமைந்த நான்கு கரும்புள்ளிகளும் இருந்தால் அது படைப்புழுவே. இதற்குக் கண்ணும் ஒரு சிறு பூதக்கண்ணாடியும் போதும்.

அதைவிட முக்கியமான குறை ஒன்று உண்டு. இலையின் மேலுள்ளதைத்தான் கைப்பேசி பார்க்கும். குருத்தைப் பிரித்துப் பார்ப்பது விரலின் வேலை. ஒரு செடியைப் பார்த்து ‘இதில் புழு இருக்கிறது’ என்று கருவி சொல்லிவிட்டதால் மருந்தடிக்க வேண்டும் என்று ஆகிவிடாது. நூற்றில் எத்தனை செடிகளில் இருக்கிறது என்பதே கேள்வி. முளைத்துவரும் இளம்பருவத்தில் நூற்றுக்கு ஐந்து, குருத்து வளரும் பருவத்தில் நூற்றுக்குப் பத்து என்ற அளவைத் தாண்டினால் தலையிட வேண்டும் என்பது நம் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் வகுத்துள்ள கணக்கு. ஐம்பது செடிகளைப் பார்த்து மூன்றில் பொட்டு இருந்தால் இளம்பருவத்து அளவு தாண்டிவிட்டது. ஒன்றில் மட்டும் இருந்தால் காத்திருக்கலாம், அல்லது முட்டைக் குவியலைக் கையால் நசுக்கிவிடலாம். எண்ணாதவருக்கு இந்த வேறுபாடு தெரியாது. பயத்தில் அடிப்பார், அல்லது அசட்டையில் விடுவார். இரண்டும் நஷ்டமே.

பயத்தில் அடிப்பதன் நஷ்டம் பணத்தோடு நிற்பதில்லை. 2017-இல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்த விவசாயிகளும் கூலியாட்களும் நச்சுக் காற்றைச் சுவாசித்து, இருபதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். ஆள் உயரம் வளர்ந்த செடிகளுக்கிடையே, முகமூடியும் கையுறையும் இன்றித் தெளித்தவர்கள் அவர்கள். தேவையற்ற ஒரு தெளிப்பைத் தவிர்ப்பது ஒரு குடும்பத்தைக் காப்பதாகவும் முடியக்கூடும்.

பருத்தியில் ஒரு முன்மாதிரி

இளஞ்சிவப்புக் காய்ப்புழு புதிதாக வந்த பூச்சியன்று. 1843-இல் விஞ்ஞானிகள் அதற்குப் பெயர் சூட்டியபோது, குஜராத்தின் பரூச்சில் பிடிபட்ட பூச்சிகளைக் கொண்டே சூட்டினார்கள். ஆயினும் பி.டி. பருத்தியையும் மீறி அது மீண்டும் பெருகியிருப்பதால் பருத்தி விவசாயிக்கு அது புதுப் பகையைப் போலவே ஆகிவிட்டது. மும்பையிலுள்ள வாத்வானி செயற்கை நுண்ணறிவு நிறுவனம் இதற்காகக் காட்டன்ஏஸ் என்ற செயலியைத் தயாரித்தது. பொறியில் விழுந்த அந்துப்பூச்சிகளை ஒரு தாளில் கொட்டிப் படமெடுத்தால், செயலி அவற்றை எண்ணி, தெளிக்க வேண்டுமா, காத்திருக்கலாமா என்று சொல்லும். தொடர்ந்து மூன்று இரவுகள் பொறிக்கு எட்டுப் பூச்சிகள் விழுந்தால் அபாய அளவு என்பது பருத்தி ஆராய்ச்சியாளர் கணக்கு.

இதில் நம் கவனத்துக்குரியது செயலியின் நுட்பமன்று. அதை நடத்திய விதம். எல்லா விவசாயிகளிடமும் நல்ல கைப்பேசி இராது என்று தெரிந்துகொண்டு, ஊருக்கு ஒரு முன்னோடி விவசாயியைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் பொறி வைப்பார், படமெடுப்பார், கிடைத்த யோசனையைச் சுற்றுப்புற விவசாயிகளுக்குச் சொல்வார். கருவி ஒருவர் கையில், பயன் பலருக்கு. இதைப் படித்தபோது, கூட்டுறவுச் சங்கத்துக்கென்றே வகுத்த ஏற்பாடாக அல்லவா இருக்கிறது என்று நமக்குத் தோன்றிற்று.

பூச்சியைக் கூடித்தான் ஒழிக்க முடியும் என்பது புதிய கண்டுபிடிப்பும் அன்று. சென்னை மாகாணத்தில் 1919-லேயே பயிர்ப் பூச்சிகளுக்கும் நோய்களுக்கும் ஒரு சட்டம் இயற்றினார்கள். பருத்திச் செடியைக் குறித்த தேதிக்குள் எல்லோரும் பிடுங்கிவிட வேண்டும் என்று கட்டளையிட அச்சட்டம் வழிசெய்தது. ஒருவர் பிடுங்கி மற்றவர் விட்டுவைத்தால் பயனில்லை என்பதை அன்றே அறிந்திருந்தார்கள். இந்தோனேசியாவில் 1986-இல் நெல்லுக்கு அடிக்கும் 57 மருந்துகளைத் தடைசெய்துவிட்டு, பின்னர் விவசாயிகளைக் குழுக்களாக வயலில் இறக்கிப் பூச்சிகளை எண்ணப் பழக்கினார்கள். அங்கே கையில் இருந்தவை காகிதமும் பென்சிலும்தான். ஆகவே எண்ணிக்கை முக்கியம். அதைக் காகிதத்தில் எழுதினாலும் கைப்பேசியில் பதிந்தாலும் ஒன்றே. கைப்பேசி கூடுதலாகச் செய்வது, நாற்பது வயல்களின் கணக்கை அன்று மாலைக்குள் ஓரிடத்தில் சேர்ப்பது. படைப்புழு விஷயத்தில் அந்த வேகம் பெரிய காரியம்.

ஒரு சங்கத்தில் நாற்பது பேர் மக்காச்சோளம் போட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஊரின் கிழக்கே எட்டு வயல்களில் இந்த வாரம் பொட்டு கூடுகிறது, மேற்கே இல்லை. கிழக்கத்தியார் எட்டுப் பேரும் தனித்தனியே இதைக் கண்டால், ஒருவர் திங்கட்கிழமை அடிப்பார், ஒருவர் அடுத்த வாரம் அடிப்பார், ஒருவர் அடிக்கவேமாட்டார். அவருடைய வயலில் வளர்ந்த அந்துப்பூச்சி மற்ற எழுவர் வயலிலும் முட்டையிடும். கணக்கு ஓரிடத்தில் சேர்ந்திருந்தால், எட்டுப் பேரும் ஒரே மாலையில், ஒரே முறையில், குருத்துக்குள் விழும்படி தெளிக்கலாம். மேற்கத்தியார் செலவின்றி இருக்கலாம். கைத்தெளிப்பானையும் முகமூடியையும் சங்கமே வாங்கி வாடகைக்கு விடலாம்.

கடைக்காரரும் செயலியும்

இங்கே ஒரு கசப்பான விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். பூச்சியை அறிவதற்கும் மருந்தை வாங்குவதற்கும் இடையே நிற்பவர் மருந்துக் கடைக்காரர். அவர் பல ஊர்களில் விவசாயிக்குக் கடன் கொடுப்பவருமாவார். கடன் பட்டவர், கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு வருவார். செயலி ‘காத்திரு’ என்று சொன்னாலும் கடை ‘அடி’ என்றுதான் சொல்லும். இலவசமாகக் கிடைக்கும் தனியார் செயலிகள் சில, மருந்து விற்பனையோடு தொடர்புள்ளவை. விற்கிறவரே வைத்தியராகவும் இருந்தால் சீட்டு நீளமாகத்தான் இருக்கும். ஒரு செயலியைச் சங்கம் ஏற்குமுன், அதை நடத்துவோரின் வருமானம் எங்கிருந்து வருகிறது, நம் வயலின் படமும் இடமும் யாரிடம் போய்ச் சேருகின்றன என்ற இரண்டையும் நிர்வாகக் குழுவினர் விசாரிக்க வேண்டும். பதில் சொல்லாதவரின் செயலி நமக்கு வேண்டாம்.

அரசாங்கக் கருவிகளிலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. விவசாயி வாரந்தோறும் எண்ணி அனுப்புகிறார். தலைநகரில் வரைபடம் தயாராகிறது. அனுப்பியவருக்கு என்ன திரும்பி வருகிறது? திரும்பி ஒன்றும் வராவிட்டால், மூன்றாம் வாரத்தில் அவர் அனுப்புவதை நிறுத்திவிடுவார். அவரைக் குற்றம் சொல்ல நமக்கு மனமில்லை. ஆகவே கணக்கின் முதற்பிரதி சங்கத்திலேயே இருக்க வேண்டும் என்பதில் நாம் உறுதியாக இருக்கிறோம். மேலே அனுப்புவது இரண்டாவது.

களையெடுப்பவர் யார், குனிந்து குருத்தைப் பார்ப்பவர் யார் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் பெண்களே. கைப்பேசியோ பெரும்பாலும் ஆண்களின் சட்டைப்பையில் இருக்கிறது. புழுவை முதலில் காண்பவர் ஒருவர், செய்தியைப் பதிபவர் வேறொருவர் என்றால், இடையில் ஒன்றிரண்டு நாள் போய்விடும். படைப்புழுவின் ஒரு வாரத்தில் இரண்டு நாள் என்பது சிறிதன்று. கருவியைச் சங்கத்தின் சொத்தாக வாங்கி, எண்ணும் வேலைக்குப் பெண் அங்கத்தினர்களை நியமித்து, அதற்கு ஒரு சிறு ஊதியமும் கொடுப்பது நியாயம். இலவசச் சேவை என்ற பெயரில் அவர்களுடைய தலையில் இன்னொரு வேலையை ஏற்றுவதை நாம் ஆதரிக்கவில்லை.

கணக்கை ஊருக்கு அறிவிக்க நமக்கு ஒரு நல்ல இடமும் உண்டு. மக்காச்சோளம் போடும் குடும்பங்களில் பல, மாடு வைத்திருப்பவை. காலையும் மாலையும் பால் ஊற்ற யாராவது ஒருவர் பால் கூட்டுறவுச் சங்கத்துக்கு வருவார். அங்கே ஒரு கரும்பலகையில், இன்ன பகுதியில் ஐம்பதுக்கு இத்தனை, பொறியில் இத்தனை என்று எழுதிவைத்தால், கைப்பேசியே இல்லாதவரும் படித்துவிட்டுப் போவார். குறுஞ்செய்தி அனுப்புவதைக் காட்டிலும் இது பலிக்கும் என்பது நம் எண்ணம். ஏனெனில், பலகையின் முன் நான்கு பேர் நின்று பேசுவார்கள்.

தெளிப்பு என்பதும் பல வழிகளில் ஒன்றே. கடைசி உழவில் எக்டேருக்கு 250 கிலோ வேப்பம் பிண்ணாக்கு இடுவதும், விதை நேர்த்தி செய்வதும், வரப்பில் தட்டைப்பயறு, எள், சூரியகாந்தி போன்றவற்றைப் போட்டு நன்மை செய்யும் பூச்சிகளுக்கு இடங்கொடுப்பதும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் முறைகள். இவையெல்லாம் புழு வருமுன் செய்பவை. எந்தச் செயலியும் இவற்றை நமக்காகச் செய்யாது. மருந்து தேவைப்படும்போது, எது, எவ்வளவு என்பதை வேளாண்மை உதவி அலுவலரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்வதே முறை. ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் புழு அதற்குப் பழகிவிடும். ஆகையால் சென்ற முறை அடித்தது எது என்பதும் சங்கத்துப் பேரேட்டில் இருக்க வேண்டும்.

தொடங்க விரும்பும் சங்கத்துக்குத் தேவையானவை அதிகமில்லை. படமெடுக்கக்கூடிய கைப்பேசி ஒன்று, பகுதிக்குச் சில இனக்கவர்ச்சிப் பொறிகள், ஒரு பேரேடு, எண்ணப் பழகிய இரண்டு பேர். பொறியில் வைக்கும் கவர்ச்சி மருந்து ஏறக்குறைய ஒரு மாதமே வீரியத்தோடு இருக்கும். மாற்றாமல் விட்டால் பொறி காலியாகத் தொங்கும். பூச்சி இல்லை என்று நாம் ஏமாந்துபோவோம். எனவே மாற்ற வேண்டிய தேதியைப் பொறியின் மேலேயே எழுதிவைப்பது நலம். செடி முளைத்த எட்டாம் நாள் முதல் வாரம் இருமுறை எண்ணத் தொடங்கலாம். ஆடிப்பட்டத்துக்கு விதை வாங்க அங்கத்தினர் சங்கத்துக்கு வரும்போதே, அவரவர் விதைக்கும் தேதியையும் சர்வே எண்ணையும் பதிந்துகொண்டால், எந்த வயலுக்கு எந்த நாள் எட்டாம் நாள் என்பது எழுத்தரின் கையில் இருக்கும்.